பள்ளிகளில் வழிகாட்டும் ஆலோசகர்: ஆளும் பொருளும்

மாணாக்கனுடைய இயல்பையும் ஆற்றலையும் அறிந்து அதற்கேற்பக் கற்பித்தல் ஆசிரியன் கடமை என்பது நம் நாட்டில் நேற்றுத் தோன்றிய கருத்தன்று. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் தம் நூலின் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் இலக்கணத்தோடு மாணாக்கர் இலக்கணத்தையும் வைத்து, மாணாக்கருள் பலவகையினர் உளர் என்பதையும், கொள்வோனுடைய திறம் அறிந்து கொடுக்க வேண்டும் என்பதையும் விளக்கிச் சென்றார். திண்ணையில் இருபது பிள்ளைகளைச் சுற்றிலும் அமர்த்திக்கொண்ட ஆசிரியருக்கு இஃது இயல்வதாயிருந்தது. ஒவ்வொரு பிள்ளையின் வீடும் குலத்தொழிலும் தாய்தந்தையரும் அவருக்குத் தெரியும். இன்று ஒரு வகுப்பில் நாற்பது ஐம்பது பேர் உளர். ஓர் ஆசிரியர் ஒரு நாளில் நான்கைந்து வகுப்புகளுக்குச் செல்கின்றார். பாடத்தை முடிப்பதும் விடைத்தாள் திருத்துவதும் பதிவேடு எழுதுவதுமே அவருக்குப் பொழுதைப் போக்கிவிடுகின்றன. ஆகலின், முன்னாளில் ஆசிரியர் ஒருவரே செய்துவந்த பணிகளுள் ஒன்றைப் பிரித்து அதற்கெனத் தனியே ஒருவரை அமர்த்தவேண்டிய நிலை உலகெங்கும் உண்டாயிற்று. அவரே வழிகாட்டும் ஆலோசகர் எனப்படுவர்.

அவர் யார், அவர் செய்யும் பணி யாது, அவரை அமர்த்துவோர் யார், அவருக்கு ஊதியம் எங்கிருந்து வருகின்றது, நம் மாநிலத்தில் இத்துறை எந்நிலையில் நிற்கின்றது என்பனவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வாம்.

ஆலோசகரின் பணி இரு கூறுடையது. ஒன்று வழிகாட்டல். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை மேல்நிலையில் எப்பிரிவை எடுப்பது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் எக்கல்லூரியை நாடுவது, எத்தொழிலுக்கு எத்தேர்வு, எவ்வுதவித்தொகைக்கு எந்நாளில் விண்ணப்பிப்பது என்பன இதன்பாற் படும். மற்றொன்று மன ஆலோசனை. தேர்வச்சம், வீட்டில் நிகழும் பூசல், வறுமை, நட்பிற் பிளவு, உடல் வளர்ச்சியால் எழும் குழப்பம், பிறர் இழைக்கும் கொடுமை முதலியவற்றால் துன்புறும் பிள்ளையின் சொல்லைப் பொறுமையோடு கேட்டு, அவன் தன் வழியைத் தானே காணுமாறு துணைநிற்பது இதன் இலக்கணம். மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவனைக் காலத்தில் அறிந்து அனுப்புவதும் இதனுள் அடங்கும்.

இதனை ஆசிரியரே செய்தல் ஆகாதோ என்று சிலர் வினவுவர். அன்புடைய ஆசிரியர் பலர் இதனைச் செய்தே வருகின்றனர். அவர்தம் தொண்டு போற்றுதற்குரியது. ஆயினும் மூன்று தடைகள் உள. முதலாவது காலமின்மை. இரண்டாவது, மதிப்பெண் இடுபவரிடத்தும் ஒழுக்கம் பற்றித் தண்டிப்பவரிடத்தும் தன் குறையை மனம் திறந்து கூற எப்பிள்ளையும் அஞ்சும். மூன்றாவது, இப்பணிக்குப் பயிற்சி வேண்டும். கேட்டதை மறைத்துக் காப்பது ஆலோசகரின் அறம். ஆனால் குழந்தைக்குப் பாலியல் கொடுமை நிகழ்ந்ததென அறிந்தால் அதனைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். எதனை மறைப்பது, எதனை எவரிடம் எவ்வாறு உரைப்பது என்னும் இவ்வெல்லையை அறிவதற்கு நல்லெண்ணம் மட்டும் போதாது.

இனி இத்துறையின் வரலாற்றைச் சிறிது காண்போம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பார் 1908-இல் தொழில் வழிகாட்டும் நிலையம் ஒன்றை நிறுவினார். தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டனையும் பொருத்திப் பார்த்தல் என்று அவர் வகுத்த மூன்று படிகளே பின்னர் இத்துறைக்கு அடிப்படையாயின. எனினும் அந்நாட்டுப் பள்ளிகளில் ஆலோசகர் பெருகியது அரை நூற்றாண்டு கழித்தேயாகும். 1957-இல் சோவியத்து நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அறிவுத்திறனுடைய பிள்ளைகளைக் கண்டறியாது விட்டோமே என்று அஞ்சிய அமெரிக்க அரசு, 1958-இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் இயற்றி, பள்ளிகளில் வழிகாட்டும் பணிக்கும், ஆலோசகர்களைப் பயிற்றும் நிலையங்களுக்கும் ஒருங்கே பொருள் வழங்கிற்று. பணியிடமும் பயிற்சியும் ஒருசேர வந்தமையால் அது பயன் தந்தது. இன்று அந்நாட்டுப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணாக்கருக்கு ஒருவர் வேண்டும் என்று வரையறுத்துள்ளது. தமிழ்ப் பிள்ளைகள் பயிலும் சிங்கப்பூரிலும் அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஓர் ஆலோசகரேனும் உளர்.

நம் நாடும் இதிற் பின்தங்கித் தொடங்கியதன்று. சென்னைப் பல்கலைக் கழகத்தில் உளவியல் துறை 1943-இல் தோன்றியது. அலகாபாத்தில் அரசின் உளவியல் நிலையம் 1947-இல் அமைந்தது. 1952-இல் இந்திய அரசு இடைநிலைக் கல்வியை ஆராய ஒரு குழுவை நியமித்தபோது அதற்குத் தலைமை தாங்கியவர் சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தராயிருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் ஆவர். 1953-இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, பள்ளிகளில் கல்வி வழிகாட்டலுக்கு உரிய இடம் வேண்டும் என்றும், வழிகாட்டும் அலுவலரையும் தொழில் வழிகாட்டும் ஆசிரியரையும் பயிற்றுதற்கு மத்திய அரசு பல பகுதிகளில் நிலையங்கள் தொடங்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அதனையடுத்து 1954-இல் மத்தியக் கல்வி-தொழில் வழிகாட்டும் நிலையம் தோன்றிற்று. பின்னர் 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரிக் குழு, வழிகாட்டல் என்பது கல்வியின் பிரிக்க முடியாத பகுதி என்று கொண்டு, எல்லாப் பள்ளிகளிலும் தனித்தனி ஆலோசகரை அமர்த்தும் பொருள்வளம் அன்று இன்மையால், பத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒருவரேனும் சென்று வரும் ஆலோசகராக இருத்தல் வேண்டும் என்றது. இது குறைந்த அளவு என்று அக்குழுவே கருதியதாகும். அறுபது ஆண்டுகள் ஆகின்றன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியை இங்கு நினையாதிருத்தல் அரிது.

அறிக்கை உளது, ஆள் இலர் என்னும் நிலைக்குக் காரணம் யாது? அரசுப் பள்ளியில் ஒருவர் நிலையாகப் பணியாற்ற வேண்டுமாயின் முதற்கண் அப்பெயரில் ஒப்பளிக்கப்பட்ட பணியிடம் ஒன்று இருத்தல் வேண்டும். அதற்குரிய கல்வித் தகுதியும் ஊதிய விகிதமும் அரசாணையில் வரையறுக்கப்பட வேண்டும். அதன் பின்னரே ஆசிரியர் தேர்வு வாரியம் போன்றதொரு அமைப்பு ஆளைத் தெரிந்தெடுக்கும். பணியிடம் உண்டாயின் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் அதற்குப் பொருள் தானே ஒதுக்கப்படும். பணியிடம் இல்லாது ஒரு திட்டத்தின்கீழ் ஆளை அமர்த்தினால், அத்திட்டம் உள்ள வரையில் அவர் தொகுப்பூதியத்தில் பணியாற்றுவார். திட்டம் முடிந்தால் அவரும் செல்வார். அவரிடம் மனம் திறந்த பிள்ளை மீண்டும் தனித்து நிற்கும்.

நம் மாநிலத்தில் நிகழ்ந்தவற்றை இவ்வளவுகோலால் நோக்குவோம். 2012-இல் சென்னைப் பள்ளி ஒன்றில் ஆசிரியை ஒருவர் மாணவனாற் கொலையுண்ட கொடுஞ்செயல் நாட்டை உலுக்கிற்று. அதன்பின் 2013-இல் பள்ளிக் கல்வித் துறை, உளவியலார் ஒருவர் ஊர்தியிற் சென்று பள்ளிகளைக் காணும் நடமாடும் ஆலோசனை மையங்கள் பத்தினைத் தொடங்கியது. நோக்கம் சிறந்ததே. ஆயின் கணக்கிட்டுப் பார்க்க. ஓர் ஊர்தி நாளொன்றுக்கு ஒரு பள்ளியாக ஆண்டில் 200 நாள் சென்றாலும் பத்து ஊர்திகளால் 2,000 பள்ளிகளையே காண இயலும். தமிழ்நாட்டில் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் மட்டும் 6,000-க்கு மேல் உள. எனவே ஒரு பள்ளிக்கு ஒரு முறை வந்த ஊர்தி மறுமுறை வர மூன்றாண்டு செல்லும். ஒன்பதாம் வகுப்பில் அதனைக் கண்ட பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில்தான் மீண்டும் காணும். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இதுவே.

2018-இல் கல்வித் துறை 14417 என்னும் தொலைபேசி உதவி எண்ணைத் தொடங்கியது. 2022 மார்ச்சு முதல் நாள் ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் வழியே அரசுப் பள்ளி மாணாக்கருக்கு உயர்கல்வி பற்றியும் தொழில் பற்றியும் ஆசிரியர் வாயிலாக அறிவிக்கும் முயற்சி நடைபெறுகின்றது. அவ்வாண்டு சூன் திங்களில் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சியும் தொடங்கிற்று. இவை வழிகாட்டல் என்னும் முதற்கூற்றிற்குப் பெருந்துணை என்பதை மறுப்பார் இலர். ஆயினும் பாடம் கற்பிக்கும் ஆசிரியர்மீதே இப்பணியும் ஏற்றப்படுகின்றமையால், மன ஆலோசனை என்னும் இரண்டாம் கூறு பெரும்பாலும் வெற்றிடமாகவே நிற்கின்றது.

பிற மாநிலங்கள் இரு வேறு வழிகளைக் காட்டுகின்றன. டெல்லி அரசின் கல்வித் துறையில் கல்வி-தொழில் வழிகாட்டும் ஆலோசகர் என்னும் பெயரிலேயே நிலையான பணியிடம் உண்டு. கேரளத்தில் பெண்கள், குழந்தைகள் நலத்துறை தொகுப்பூதியத்தில் உளச்சமூக ஆலோசகர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பி வருகின்றது. முன்னதில் நிலைபேறு உளது. பின்னதில் கல்வித் துறையின் செலவிற் சேராமலே பள்ளிக்கு ஆள் கிடைக்கும் வழி உளது.

பொருள் வரும் வாயில்கள் எவை என்பதையும் அறிதல் நன்று. முதலாவது மாநில அரசின் சொந்த வருவாய். இரண்டாவது மத்திய அரசும் மாநில அரசும் பகிர்ந்து கொள்ளும் திட்டங்கள். 2009-இல் தோன்றிய இடைநிலைக் கல்வித் திட்டமும், அதனையும் பிறவற்றையும் ஒன்றாக்கி 2018-இல் அமைந்த ‘சமக்ர சிக்ஷா’வும் இவ்வகையின. இதில் தமிழ்நாட்டிற்கு மத்திய அரசின் பங்கு நூற்றுக்கு 60, மாநிலத்தின் பங்கு 40. இவ்வாயிலை மட்டும் நம்பியிருத்தல் எத்துணை இடருடையது என்பதைத் தமிழ்நாடு அண்மையிற் கண்டது. 2024-25-ஆம் ஆண்டிற்குரிய 2,152 கோடி ரூபாய் மத்தியப் பங்கு, மற்றொரு திட்டத்தில் மாநிலம் கையெழுத்திடுவது பற்றிய வழக்கினால் தடைப்பட்டு, 2025-இல் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை நாடவேண்டியதாயிற்று. இருவர் பூசலில் யார்பால் நியாயம் என்பது இக்கட்டுரையின் பொருளன்று. பிள்ளைகளோடு நாள்தோறும் பழகும் ஒருவரின் ஊதியம் இத்தகைய பூசலுக்கு ஆட்படலாகாது என்பதே ஈண்டு வேண்டப்படுவது. மூன்றாவது வாயில் மாணாக்கர் செலுத்தும் கட்டணம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தோடு இணைந்த பள்ளிகள் ஆலோசகரை அமர்த்த வேண்டும் என்று அவ்வாரிய விதி கூறுகின்றது. தனியார் பள்ளிகள் அச்செலவைக் கட்டணத்திலிருந்தே எடுக்கின்றன.

நான்காவதாகக் கருதத்தக்கது, நம்மைப் போன்ற மிஷன் கல்லூரிகளில் பயில்வோர்க்கு மிகவும் அணித்தாகிய அரசு உதவி பெறும் பள்ளிகளின் நிலை. 1854-ஆம் ஆண்டின் உட் அறிக்கையால் வேரூன்றிய உதவித்தொகை முறைப்படி, ஒப்பளிக்கப்பட்ட ஆசிரியர்களுக்கு அரசு ஊதியம் வழங்குகின்றது. அப்பட்டியலில் இல்லாத ஒருவரை அமர்த்தினால் நிருவாகமே அவருக்கு ஊதியம் தேட வேண்டும். ஏழைப் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கலாகாது. நன்கொடையோ ஆண்டுக்காண்டு மாறும். ஆகவே இப்பள்ளிகள் அரசின் பணியிடமும் இல்லாமல், கட்டணத்தின் வலிமையும் இல்லாமல் இடையே நிற்கின்றன.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்குத் திருவான்மியூரை நோக்கினால் போதும். மருந்தீசர் கோயில் விளங்கும் அவ்வூரில் கடற்கரைக் குப்பமும் உண்டு. வால்மீகி நகரின் மாளிகைகளும் உண்டு. 1936-இல் நிறுவப்பெற்ற கலாக்ஷேத்திரமும் இங்கே உளது. சில கல் தொலைவிற்குள் தரமணியில் மத்திய பல்தொழில்நுட்பக் கல்லூரியும், 1970-இல் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும், திரைப்படக் கல்லூரியும், 2000-இல் திறக்கப்பெற்ற டைடல் பூங்காவும் உள. சற்றே வடமேற்கில் 1959-இல் அமைந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உளது. 2004 முதல் பறக்கும் இரயிலும் ஓடுகின்றது. அறிவின் வாயில்கள் இத்துணை நெருங்கியிருக்கும் இடம் நாட்டில் வேறு சிலவே. எனினும் வலை உலர்த்தும் வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பு முடிக்கும் பெண்ணுக்கு, அவ்வாயில்களுள் எதற்கு எத்திறவுகோல் என்பதை வீட்டார் சொல்ல இயலாது. மாளிகையிற் பிறந்த பிள்ளைக்குத் தாய் தந்தையரும் உறவினரும் பள்ளி ஆலோசகரும் என மூவர் சொல்வர். எவருக்கு வழிகாட்டி மிகத் தேவையோ அவருக்கே வழிகாட்டி அரியர் ஆகின்றார்.

மன ஆலோசனையைப் பொறுத்தவரையில் இழப்பு இன்னும் கொடியது. 2015-16-இல் நாடளாவிய மனநல ஆய்வை நடத்திய பெங்களூர் நிம்ஹான்சு நிலையம், 13 முதல் 17 அகவை வரையுள்ளாருள் நூற்றுக்கு 7.3 பேர் மனநலக் குறையுடையர் எனக் கண்டது. தேசியக் குற்றப் பதிவு நிலையத்தின் கணக்குப்படி 2022-இல் இந்நாட்டில் 13,044 மாணாக்கர் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டனர். இந்நிலையைக் கண்ட உச்ச நீதிமன்றம் 2025 சூலை 25-ஆம் நாள், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணாக்கரைக் கொண்ட கல்வி நிலையம் ஒவ்வொன்றும் தகுதியுடைய ஆலோசகர், உளவியலார் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்துதல் வேண்டும் என்றும், சிறிய நிலையங்கள் வெளியிலுள்ள மனநல வல்லுநரோடு தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் நெறி வகுத்தது. உரிய சட்டம் இயற்றப்படும் வரை இந்நெறிகள் யாவரையும் கட்டுப்படுத்தும். இதனால் ‘வேண்டுமா, வேண்டாவா’ என்னும் வினா தீர்ந்தது. ‘எத்தனை பேர், எவர் செலவில்’ என்னும் வினாவே எஞ்சியுள்ளது.

அதனையும் எளிய கணக்கால் அறியலாம். ஓர் ஆலோசகர் நாளொன்றுக்கு ஐவரைத் தனித்தனியே காண்பார் எனின், 200 பள்ளி நாட்களில் 1,000 சந்திப்புகள் நிகழும். 500 பேர் பயிலும் பள்ளியில், மேற்கூறிய ஆய்வின்படி ஏறத்தாழ 36 பேர் துன்பமுற்றிருப்பர். அவர்க்கு ஆளுக்கு எட்டுச் சந்திப்பு வேண்டுமெனில் 288 செலவாகும். எஞ்சிய 712-இல் மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் ஒரு முறைக்கு மேற் காணலாம். இது நிறைவான நிலை. கோத்தாரிக் குழுவின் அளவுப்படி பத்துப் பள்ளிகளுக்கு ஒருவர் எனின், பள்ளிக்கு 400 பேராக அவர்பொறுப்பில் 4,000 பேர் இருப்பர், துன்பமுற்றோர் மட்டுமே 292 பேர், அவர்க்கு 2,336 சந்திப்புகள் வேண்டும், உள்ளனவோ 1,000. ஆகவே பத்துப் பள்ளிக்கு ஒருவர் என்பது தொடக்கமாகலாம். அவர் ஆசிரியரைப் பயிற்றுபவராகவும், கடினமான நிலையை மட்டும் ஏற்பவராகவும் இருக்கலாம். முடிவான நிலையாக அதனைக் கொள்ளல் தகாது.

செலவு எவ்வளவாகும்? மாதம் 50,000 ரூபாய் எனக் கணக்கிற்காகக் கொள்வோம். ஆண்டிற்கு ஒருவருக்கு 6 இலட்சம். பத்துப் பள்ளிக்கு ஒருவராக 600 பேரை அமர்த்த 36 கோடி ரூபாய் ஆகும். பள்ளிக்கு ஒருவராக 6,000 பேரை அமர்த்த 360 கோடி ஆகும். 2025-26-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு வரவு செலவுத் திட்டத்தில் பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கப்பட்டது 46,767 கோடி ரூபாய். முன்னது அதில் 1,300 ரூபாய்க்கு ஒரு ரூபாய். பின்னது 130 ரூபாய்க்கு ஒரு ரூபாய். 360 கோடி சிறு தொகை என்று கூறோம்; ஆசிரியர் இல்லா வகுப்பும் கழிப்பிடம் பழுதான பள்ளியும் அதே பணப்பெட்டியை நோக்கி நிற்கின்றன. ஆயினும் தாங்கொணாத தொகை என்றும் கூற இயலாது. முதலாண்டில் 600 பேரில் தொடங்கி ஆண்டுதோறும் பெருக்கின், செலவும் படிப்படியாகவே ஏறும்.

பணம் இருப்பினும் ஆள் எங்கே என்பது அடுத்த வினா. தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு வழிகாட்டலும் ஆலோசனையும் பற்றிய ஓராண்டுப் பட்டயப் பயிற்சியை நடத்துகின்றது. அதில் தொலைக்கல்வியும் நேர்வகுப்பும் களப்பயிற்சியும் உள. தென்னாட்டிற்கு மைசூர் வட்டாரக் கல்வி நிலையம் அதன் இடமாகும். பணியிலிருக்கும் ஆசிரியரும் இதனைப் பயிலலாம். சென்னையிலோ பல கல்லூரிகளில் உளவியல் கற்பிக்கப்படுகின்றது. 1952-இல் தோன்றிய சென்னைச் சமூகப் பணிக் கல்லூரி சமூகப் பணியாளரைப் பயிற்றுகின்றது. கற்றோர் உளர், அவரை ஏற்கும் பணியிடம் பள்ளிகளில் இல்லை. பணியிடம் இன்மையால் பள்ளிக்கெனப் பயில்வோர் குறைகின்றனர். பயில்வோர் குறைவென்று பணியிடம் உண்டாக்கத் தயங்குகின்றனர். இச்சுழல் ஓரிடத்தில் அறுபட வேண்டும்.

அஃது அறுபட்ட முன்னுதாரணம் இந்நகரிலேயே உண்டு. 1920-இல் ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கியபோது, பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர் என்பவர் நம் பள்ளிகளுக்குப் புதியவர். பயிற்சி பெற்றோர் ஆண்டுதோறும் வெளிவந்தனர். பள்ளிகள் அவர்தம் பயனைக் கண்டன. இன்று உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் உளது. அவர் எதற்கு என்று இன்று எவரும் கேட்பதில்லை. உடலுக்கு ஆசிரியர் வேண்டும் என்று ஒப்பிய நாடு உள்ளத்திற்கும் ஒருவர் வேண்டும் என்று ஒப்புதல் அரிதன்று.

ஆகவே செய்யத்தக்கன நான்கு. ஒன்று, ஆலோசகர் என்னும் பணியிடத்தைத் தகுதியும் ஊதியமும் வரையறுத்து அரசு உண்டாக்குதல். இரண்டு, அப்பணியிடத்தை உதவி பெறும் பள்ளிகளின் பட்டியலிலும் சேர்த்தல். மூன்று, ஆள் நிறையும் வரையில் பள்ளிக்கு ஓர் ஆசிரியரைப் பட்டயப் பயிற்சிக்கு அனுப்பி, அவருடைய பாட வேளைகளைக் குறைத்தல். வேளை குறையாத பொறுப்பு பெயரளவில் நின்றுவிடும். நான்கு, பள்ளிக்கும் மாவட்ட மனநலத் திட்டத்திற்கும் இடையே உறுதியான தொடர்பு அமைத்தல். அதுவரையில் 104 என்னும் மாநில எண்ணும், 2022-இல் தொடங்கிய 14416 என்னும் மனநல எண்ணும் எல்லா வகுப்பறையிலும் எழுதப்பட்டிருத்தல் நலம்.

நம் கல்லூரியிற் பயின்றோர் பலர் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் பள்ளி நிருவாகிகளாகவும் விளங்குகின்றனர். பயில்வோருள் பலர் அவ்வழியே செல்லவிருக்கின்றனர். பள்ளிக் குழு கூடும்போது கட்டடமும் தேர்ச்சி விகிதமும் ஆராயப்படுவது போல, ‘இவ்வாண்டு நம் பிள்ளைகளின் சொல்லைக் கேட்க யாரை அமர்த்தினோம், அவருக்கு எவ்வறை தந்தோம், எத்துணை வேளை தந்தோம்’ என்னும் வினாவும் ஒருவரால் எழுப்பப்பட வேண்டும். அவ்வொருவர் நம்முள் ஒருவராக இருப்பாராக.